துணிந்து இறங்கும் முன் நான் திறக்கும் மென்பொருள்: லிப்ரே ஆஃபிஸ் கால்க்

சிறு தொழிலுக்கான மென்பொருள் என்றாலே பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, வரிக் கணக்கு முடிப்பது என்றுதான் பேச்சு போகிறது. அவையெல்லாம் தேவைதான். ஆனால் அவை நடந்து முடிந்ததை எழுதி வைப்பவை. எனக்கு வேண்டியிருந்தது நடக்கப்போவதை வைத்து யோசிக்க ஓர் இடம். பெரிய ஆர்டர் ஒன்று வாசலில் நிற்கிறது, எடுக்கலாமா? இன்னொரு மெஷின் போடலாமா? ரேட்டை ஏற்றினால் யார் விலகுவார்கள், விலகினால் தாங்குமா? சில வருடங்களாக இந்தக் கேள்விகளை நான் கொண்டுபோய் வைக்கிற இடம் லிப்ரே ஆஃபிஸ் கால்க். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணக்காளர் இல்லை. தம்பியும் நானும் சேர்ந்து அட்டைப் பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறோம். கொள்முதலும் பணமும் என் பொறுப்பு, மெஷினும் டெலிவரியும் அவன் பொறுப்பு.

மென்பொருளைப் பற்றிய அடிப்படைத் தகவலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்தது லிப்ரே ஆஃபிஸ். டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. விலை கிடையாது, சந்தாவும் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையம் இல்லாமலே வேலை செய்யும். அந்தத் தொகுப்பில் விரிதாளுக்கான (ஸ்ப்ரெட்ஷீட்) பகுதிதான் கால்க். எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்திலேயே சேமிக்கவும் செய்யும். தொழிலை வளர்க்கப் பணம் தேடுகிறவருக்கு மாதச் சந்தா இல்லாத ஒரு கருவி கிடைப்பதே முதல் நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னத் தொழிலில் வளர்ச்சிக்காக எடுக்கும் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லாபத்தைப் பற்றியே கேட்கிறார்கள். "இதில் எவ்வளவு நிற்கும்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எந்த வாரத்தில் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும், அந்த வாரத்தைத் தாண்டிவிடுவோமா என்பது. நல்ல லாபம் உள்ள ஆர்டரே ஒரு யூனிட்டை மூட வைக்கும். பேப்பருக்கும் கூலிக்கும் பணம் இன்று போகிறது, பெட்டிக்கான பணம் இரண்டு மாதம் கழித்து வருகிறது. ஆர்டர் எவ்வளவு பெரியதோ, நடுவில் விழும் பள்ளமும் அவ்வளவு ஆழம். அந்தப் பள்ளத்தின் அடியை முன்கூட்டியே எண்ணாகப் பார்க்க முடிந்தால் மனிதருக்குத் தைரியம் வருகிறது. கால்க் எனக்குக் கொடுத்த பெரிய உதவி அதுதான். அதைப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு நாங்கள் முன்பைவிட அதிகமாகத் துணிகிறோம்.

என் ஷீட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே 13 வாரங்கள், அதாவது ஒரு காலாண்டு. இடப்பக்கம் வரிசைகள்: ஆரம்ப இருப்பு, பார்ட்டிகளிடமிருந்து வருவது, பேப்பர் சப்ளையருக்குப் போவது, கூலி, வாடகை, மின்சாரம், மெஷின் தவணை, வரி, வண்டிச் செலவு, கடைசியில் முடிவு இருப்பு. ஒரு வாரத்தின் முடிவு இருப்பு அடுத்த வாரத்தின் ஆரம்ப இருப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு கட்டம், மஞ்சள் நிறத்தில். 13 முடிவு இருப்புகளில் மிகக் குறைந்தது எதுவோ அதை 'மின்' (MIN) சூத்திரம் அங்கே காட்டும். அந்த மஞ்சள் கட்டத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

ஒரு மாதக் கூலி, வாடகை, தவணை மூன்றையும் கூட்டினால் வரும் தொகையை நாங்கள் 'தரை' என்று வைத்திருக்கிறோம். எந்த வாரத்தின் இருப்பும் தரைக்குக் கீழே போனால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். சூத்திரம் தெரியாத தம்பிக்கும் சிவப்பு தெரியும்.

இந்த ஷீட்டின் உயிர் இன்னொரு தாளில் இருக்கிறது. அதன் பெயர் 'வரவேண்டியவை'. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரிசை: பார்ட்டி பெயர், தொகை, பேசிய கெடு, அந்தப் பார்ட்டி வழக்கமாக எவ்வளவு இழுப்பார், ஆக எந்த வாரம் பணம் வரும். மேலே சொன்ன 13 வாரத் தாளுக்கு நான் வைத்த பெயர் பணத்தாள். அதில் ஒவ்வொரு வாரத்துக்கும் 'சம்-இஃப்' (SUMIF) சூத்திரம் போட்டு, அந்த வாரத்துக்கு உரிய பில்களை மட்டும் கூட்டி எடுக்கிறேன். தாமதத்தை மாற்றினால் பணம் தானாக வேறு வாரத்துக்கு நகரும். வழக்கமான தாமதம் என்ற எண்ணை மனதிலிருந்து எடுத்துப் போடுவதில்லை. பழைய பில்களில் கெடு தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ட்டி வாரியாக எடுப்பேன். சராசரி ஒரு கட்டத்தில், மிக மோசமான தடவை பக்கத்துக் கட்டத்தில். சிரித்துப் பேசி டீ வாங்கிக் கொடுக்கும் பார்ட்டி கடைசியில் தருகிறார், முகம் கொடுத்தே பேசாதவர் கெடுவுக்கு முந்தைய நாள் அனுப்பிவிடுகிறார். எண்ணில் பார்த்தால் மட்டுமே இது தெரியும்.

இப்போது அந்தப் பெரிய ஆர்டர். ஒரு நிறுவனம் எங்களிடம் மாதாமாதம் பெட்டி கேட்டது. எங்கள் உண்மையான தொகைகள் இங்கே வேண்டாம். மாத ஆர்டர் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் பேப்பர் 60, கூலியும் மற்றதும் 25, மிச்சம் 15. பணம் 60 நாள் கழித்து. சப்ளையர் எங்களுக்குத் தருவது 15 நாள்தான்.

"அக்கா, இதை விட்டா இனிமே இந்த மாதிரி பார்ட்டி நம்ம வாசலுக்கு வராது" என்றான் தம்பி.

ஷீட்டில் போட்டோம். முதல் மாதம் 85 வெளியே போகிறது. இரண்டாவது மாதமும் 85. மூன்றாவது மாதமும் 85 போன பிறகுதான் முதல் மாதத்தின் 100 உள்ளே வருகிறது. அதாவது, மாதம் 15 தரும் ஆர்டருக்காக 255 வரை உள்ளே போட வேண்டும். போட்ட 255-ஐ லாபத்திலிருந்து மட்டும் எடுக்க 17 மாதம். தரையைத் தொடாமல் நாங்கள் போடக்கூடியது 200. காகிதத்தில் கூட்டிப் பார்த்தாலும் இவ்வளவு தெரிந்துவிடும். ஆனால் முடிவு எடுக்க இவ்வளவு போதாது. பார்ட்டி ஒரு மாதம் இழுத்தால்? ஆர்டரில் முக்கால்வாசி மட்டும் எடுத்தால்? இரண்டும் சேர்ந்தால்?

இங்கேதான் கால்க் தன் வேலையைக் காட்டுகிறது. டேட்டா மெனுவில் 'மல்டிபிள் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு வசதி. இடப்பக்கம் ஆர்டர் அளவுகள் 100, 75, 50 என்று எழுதினேன். மேலே தாமதம் 0, 4 வாரம், 8 வாரம். எந்தச் சூத்திரத்தின் விடை வேண்டும், எந்தக் கட்டம் ஆர்டர் அளவு, எந்தக் கட்டம் தாமதம் என்று காட்டினால் போதும், ஒன்பது கட்டங்களையும் அதுவே நிரப்பிவிடும். முழு ஆர்டருக்கு 255, 340, 425. முக்கால்வாசிக்கு 191, 255, 319. பாதிக்கு 128, 170, 213.

இந்த ஒன்பது எண்களைப் பார்த்ததும் பேச்சே மாறிவிட்டது. அதுவரை எடுப்பதா விடுவதா என்று இரண்டே வழி இருந்தது. இப்போது கண் முன்னால் ஒன்பது வழி. 200-க்குள் அடங்குபவை மூன்று: முக்கால்வாசி ஆர்டர், சொன்ன தேதிக்குப் பணம் வந்தால், பாதி ஆர்டர், சொன்ன தேதிக்கு வந்தாலும் சரி, ஒரு மாதம் இழுத்தாலும் சரி. பாதுகாப்பாகப் போக வேண்டும் என்றால் பாதி. ஆனால் பாதி கொடுத்தால் மிச்சப் பாதிக்கு இன்னொரு சப்ளையரைத் தேடுவார்கள், அப்புறம் அவரே முழுதும் எடுத்துக்கொள்வார். எனக்கு முக்கால்வாசியாவது வேண்டும்.

தம்பி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "பேப்பருக்குப் பாதிப் பணம் முன்னாடியே குடுத்தாங்கன்னா?" என்று கேட்டான்.

அதையும் போட்டேன். பேப்பர் செலவில் பாதி என்பது பில்லில் ஏறக்குறைய 30 சதவீதம். அதை அட்வான்ஸாக வாங்குவது, அதற்குப் பதிலாக ரேட்டில் 3 சதவீதம் குறைப்பது. புது அட்டவணையில் முழு ஆர்டருக்கு 168, ஒரு மாதம் இழுத்தால் 224. முக்கால்வாசிக்கு 126, ஒரு மாதம் இழுத்தால் 168, இரண்டு மாதம் இழுத்தால் 210. அதாவது முக்கால்வாசி ஆர்டரில் ஒரு மாதத் தாமதத்தையும் தாங்கிவிடுவோம். இரண்டு மாதம் இழுத்தால் 10 துண்டு விழும். அந்தப் 10-ஐ சப்ளையரிடம் ஒரு வாரம் கூடுதல் கெடு வாங்கிச் சமாளிக்கலாம். அவரிடம் முன்கூட்டியே கேட்டும் வைத்தோம். முழு ஆர்டரில் 15 ஆக இருந்த மாத லாபம், முக்கால்வாசி அளவிலும் குறைத்த ரேட்டிலும் 9-ஆகக் குறைகிறது, அதைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டோம்.

அவர்கள் பர்ச்சேஸ் மேனேஜர் முதலில் மறுத்தார். "அட்வான்ஸ் குடுக்கிறது எங்க வழக்கம் இல்லைங்க மேடம்." ரேட்டில் 3 குறைகிறது என்பதை எழுத்தில் கொடுத்தேன். மூன்று மாதம் முக்கால்வாசி, சரியாகப் போனால் அதற்கப்புறம் முழு ஆர்டர் என்றும் எழுதினேன். கையெழுத்தானது. பிறகு ஒரு காலாண்டில் பணம் சில வாரம் இழுத்தது. அந்த வாரங்களில் யூனிட்டில் யாரும் பதறவில்லை. அந்த எண்ணை நாங்கள் முன்பே பார்த்து, அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தோம். இப்போது முழு ஆர்டரும் எங்களிடம்தான்.

கால்க்கில் ஒரே ஒரு வசதிக்காக மட்டும் யாரையாவது அதைப் பழகச் சொல்ல வேண்டும் என்றால், இந்த மல்டிபிள் ஆபரேஷன்ஸுக்காகச் சொல்வேன். எக்ஸெலில் இதே வேலையை டேட்டா டேபிள் செய்யும். அது கையில் இருப்பவர்கள் மாற வேண்டியதில்லை.

அடுத்து 'சினாரியோஸ்'. டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. ஊகங்கள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் வைத்தால், அந்த எண் தொகுதி ஒரு கீழ்விரிப் பட்டியலில் சேர்ந்துவிடும். எங்களுடையதில் நான்கு பெயர்கள்: 'வழக்கம்', 'எல்லோரும் ஒரு மாதம் இழுத்தால்', 'பேப்பர் 10 சதவீதம் ஏறினால்', 'பெரிய பார்ட்டி போய்விட்டால்'. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தால் 13 வாரமும் அதற்கேற்ப மாறும். பேங்க் அதிகாரி முன்னால் லேப்டாப்பைத் திருப்பி வைத்து இந்த நான்கையும் மாற்றிக் காட்டினால், தடிமனான திட்ட அறிக்கை கொடுப்பதைவிட நன்றாகப் பேச்சு நடக்கும். அவர் கேட்க நினைக்கும் கேள்வியை நாமே கேட்டுப் பதிலும் சொல்லிவிடுகிறோம்.

சினாரியோவை உருவாக்கும்போது 'காப்பி பேக்' என்ற விருப்பத்தைக் கவனியுங்கள். அது டிக் ஆகியிருந்தால், ஒரு சினாரியோ திறந்திருக்கும்போது நீங்கள் மாற்றும் எண் அந்தச் சினாரியோவிலேயே பதிந்துவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை எடுத்துவிடுவது நல்லது. ஊகங்களை எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்துக்கொள்வதும் வசதி. சூத்திரத்துக்குள்ளே எண்ணைப் புதைத்து வைத்தால் எந்த சினாரியோவும் அதைத் தொடாது.

மெஷின் விஷயத்தில் உதவியது 'கோல் சீக்'. டை பஞ்சிங் வேலையை, அதாவது அட்டையை அச்சு வைத்து வடிவமாக வெட்டுவதை, வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். 100-க்கான பெட்டியில் 8 அதற்கே போனது. சொந்த மெஷின் போட்டால் தவணை, ஆபரேட்டர், பராமரிப்பு சேர்த்து மாதம் 12. இந்தக் கணக்கு எளிது, 12-ஐ 8 சதவீதத்தால் வகுத்தால் 150. மாதம் 150-க்கு மேல் டை பஞ்சிங் பெட்டி விற்றால் சொந்த மெஷின், இல்லையென்றால் ஜாப் ஒர்க். ஆனால் நிஜத்தில் இவ்வளவு நேராக இருக்காது. ஓர் அளவுக்கு மேல் ஓவர்டைம் கொடுக்க வேண்டும், பிளேடு தேய்மானம் கூடும், பெட்டி வீணாவதும் கூடும். அந்தப் படிகளையெல்லாம் சேர்த்துவிட்டால் வகுத்து விடை எடுக்க முடியாது. கோல் சீக் கேட்பது மூன்றே விஷயம்: எந்தச் சூத்திரக் கட்டம், அது எந்த எண்ணாக வேண்டும், எந்தக் கட்டத்தை மாற்றலாம். 'ஜாப் ஒர்க்குக்கும் சொந்த மெஷினுக்கும் உள்ள வித்தியாசம்' என்ற கட்டம் 0 ஆக வேண்டும், விற்பனையை மாற்று என்றால் விடை வந்துவிடும்.

அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மெஷின் கொட்டேஷனோடு சேர்த்து வைத்தோம். இரண்டு மாதம் தொடர்ந்து அதைத் தாண்டினால் வாங்குவது என்று முடிவு. மெஷின் விற்பனையாளர் சலுகை முடியப்போகிறது என்று எத்தனை முறை போன் செய்தாலும் தம்பி ஒரே பதில்தான் சொன்னான்: "நம்பர் வரட்டும் சார்." வந்த பிறகு வாங்கினோம். இப்போது மற்ற யூனிட்டுகளின் ஜாப் ஒர்க்கையும் அதில் எடுக்கிறோம்.

ரேட் ஏற்றுவதையும் இதோடு சொல்ல வேண்டும். அதைத் துணிச்சல் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் சின்னத் தொழிலில் மிகவும் பயந்து செய்யும் காரியம் அதுதான். ஒரு பெட்டியின் விலையில் மாறும் செலவுகள் போக 25 சதவீதம் நிற்கிறது என்றால், ரேட்டை 5 சதவீதம் ஏற்றிய பிறகு விற்பனை அளவில் ஆறில் ஒரு பங்கு போனாலும் நிற்கும் தொகை அப்படியே இருக்கும். 5-ஐ 30-ஆல் வகுக்கும் சாதாரணக் கணக்கு. இதைக் கட்டமாகப் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு பார்ட்டியும் நம் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று எழுதிப் பாருங்கள். யாரெல்லாம் போனால் தாங்கும், யார் போனால் தாங்காது என்பது பெயரோடு தெரியும். நாங்கள் சின்னப் பார்ட்டிகளுக்கு ஒரே நாளில் ஏற்றினோம், பெரிய பார்ட்டிக்கு இரண்டு தவணையாக ஏற்றினோம். பயந்த அளவுக்கு யாரும் போகவில்லை.

இந்தக் கருவி எங்கே நிற்கிறது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். விரிதாளுக்கு நீங்கள் கொடுக்கும் ஊகம் சரியா என்று தெரியாது. எதைக் கொடுத்தாலும் இரண்டு தசம இடத்தோடு அழகாக விடை தரும். பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இலேயே ஒரு பிரிவினை செய்தார்: வாய்ப்பை அளந்து சொல்லக்கூடிய அபாயம் ஒன்று, அளக்கவே வழியில்லாத நிச்சயமின்மை இன்னொன்று. பார்ட்டி எத்தனை வாரம் இழுப்பார் என்பதற்குப் பழைய பில்கள் இருக்கின்றன, அது முதல் வகையோடு சேர்வது. அந்த நிறுவனமே பெட்டியை விட்டுவிட்டு வேறு பேக்கிங்குக்கு மாறுமா என்பதற்கு என்னிடம் எந்தப் பழைய பில்லும் இல்லை. அதற்குப் போய் '12 சதவீத வாய்ப்பு' என்று ஒரு கட்டத்தில் எழுதினால் நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

அந்த இரண்டாவது வகைக்கு வேறு மாதிரியான கேள்வி தேவை. தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, அனுபவம் உள்ளவர்கள் எவ்வளவு வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்று காட்டினார். இதை என் ஷீட்டில் ஒரு கட்டமாக வைத்திருக்கிறேன். வருடத் தொடக்கத்தில், எந்த ஆர்டரும் மேஜையில் இல்லாதபோது, தம்பியும் நானும் உட்கார்ந்து ஒரு தொகை எழுதுவோம். புது முயற்சிகளில் முழுதும் போனாலும் கூலியும் வீடும் ஆடாத தொகை. ஆர்டரைக் கண்ட பிறகு எழுதினால் ஆசை அந்த எண்ணை ஏற்றிவிடும். முதலுக்கே மோசம் வரும் எதையும் இந்தக் கட்டம் உள்ளே விடாது. வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கேட்கும் கடன் எதுவும் இந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை, ஆகவே அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுவதே இல்லை.

ஒரே பார்ட்டியை நம்பி இருப்பதையும் பணத்தாள் தானாகச் சொல்லாது. பெரிய பார்ட்டி ஒழுங்காகப் பணம் தரும்வரை எல்லாக் கட்டமும் பச்சையாகவே இருக்கும். அதனால் மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்த்தேன்: மிகப்பெரிய பார்ட்டியின் விற்பனையை மொத்த விற்பனையால் வகுத்தது. 35 சதவீதத்தைத் தாண்டினால் சிவப்பு. இந்த 35 எங்கிருந்தும் எடுத்தது இல்லை, அவர் ஒருவர் போனால் எத்தனை மாதம் கூலி கொடுக்க முடியும் என்று பார்த்து நாங்களே வைத்துக்கொண்ட எல்லை. உங்கள் தொழிலுக்கு அது வேறாக இருக்கும். முழு ஆர்டரும் எங்களிடம் வந்த பிறகு அந்தக் கட்டம் சிவப்பாகத்தான் இருக்கிறது. அது சிவப்பாக இருப்பதால்தான் தம்பி வாரம் ஒரு நாள் மெஷினை விட்டுவிட்டுப் புதுப் பார்ட்டி தேடிப் போகிறான்.

கால்க்கை வேண்டாத இடத்தில் பயன்படுத்த வேண்டாம். பில் போடுவதற்கும் வரிக் கணக்குக்கும் அதற்கென்று உள்ள மென்பொருள்தான் சரி. விரிதாளில் யாரோ ஒரு வரிசையை அழித்துவிட்டால் அது சத்தம் போடாது. பணத்தாளிலும் இதே அபாயம் உண்டு, அதற்காக நான் ஒரு சரிபார்ப்புக் கட்டம் வைத்திருக்கிறேன்: 'வரவேண்டியவை' தாளின் மொத்தத்திலிருந்து 13 வாரத்தில் வருவதையும் அதற்கு அப்பால் வருவதையும் கழித்தால் 0 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்திலிருந்து எழுத வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி. எங்கள் யூனிட்டில் எழுதுவது நான் ஒருத்தி, பார்ப்பது இரண்டு பேர். எனக்கு இதுவே போதும். கோப்பைத் திங்கட்கிழமை தேதியோடு வேறு பெயரில் சேமிப்பேன், பழையதை அழிப்பதில்லை. மூன்று மாதம் முன்பு என்ன நினைத்தோம், என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த ஊகம் தானாகவே கூர்மையாகிறது.

பழகுவதற்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: கூட்டல், கழித்தல், சம்-இஃப், மின், இந்த நான்கு தெரிந்தால் பணத்தாளைப் போட்டுவிடலாம். மல்டிபிள் ஆபரேஷன்ஸில் எந்தக் கட்டம் எதற்கு என்பது முதலில் குழப்பும். சின்ன உதாரணம் ஒன்றில், விடை தெரிந்த கணக்கை வைத்துப் பழகிவிட்டு அப்புறம் நிஜ ஷீட்டில் போடுங்கள். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளைக் கொண்டுவந்தபோது அது கடைக்காரர்களுக்கும் சின்ன முதலாளிகளுக்கும் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான்: ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் உடனே மாறும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதில் பிடித்தது அதேதான்.

இந்த வாரம் தம்பி ஒரு மருந்துப் பெட்டிப் பார்ட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். 45 நாள் கெடு கேட்கிறார்கள், அட்வான்ஸ் கிடையாது, அளவு சின்னது. ஷீட்டில் ஒரு வரிசை சேர்த்து 4 வாரத் தாமதத்தோடு ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் கட்டம் தரைக்கு மேலேயே நிற்கிறது, பெரிய பார்ட்டியின் பங்கும் கொஞ்சம் இறங்குகிறது. நாளைக்கே ரேட் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.